அமுங்கியபடி இருக்கும் இரண்டு நாக்குகள்

இதை எழுத உட்கார்ந்து, பேனாவை மூடிவைத்துவிட்டு எழும்பிப் போன நாட்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஒருமுறை தொடங்கினேன். அவர்கள் கல்யாணம் கட்டிப் போன பிறகு ஒருமுறை தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் முதல் பக்கம் முடிவதற்குள் நிறுத்திவிடுவேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள், எனக்கு எழுத வராது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டேன். அது சும்மா சொன்ன சாட்டு. ஒருவருக்கு நான் கொடுத்த வாக்கும், நான் செய்த இரண்டு பிழைகளும்தான் கையைப் பிடித்து வைத்திருந்தன. இன்றைக்கும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் தொடங்குகிறேன். இனிமேலும் தள்ளிப்போட முடியாது. ஏன் முடியாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கண்டி மஹய்யாவையில் எங்கள் ஆலயத்தின் பக்க அறையில், கரண்டில் வாசிக்கிற பழைய வீட்டு ஓகன் ஒன்று இருக்கிறது. மூடியை இறக்கிவிட்டால் பார்ப்பவர்கள் சின்ன அலுமாரி என்றுதான் நினைப்பார்கள். மூடியை உயர்த்தினால் படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வரிசைக் கட்டைகள். கீழே காலுக்கு மிதிகட்டைகள் பதின்மூன்று. மேல்வரிசைக்கும் மேலே, ஒரு விரல் நீளத்தில் பிளாஸ்டிக் நாக்குகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு நாக்கை அமுக்கினால் ஒவ்வொரு சத்தம். வலப்பக்கம் இருக்கிற ஆறு நாக்குகளும் தாளத்துக்கு. அந்த ஆறில் இரண்டு நாக்குகள் இன்றைக்கும் உள்ளே அமுங்கியபடி இருக்கின்றன. அவற்றை அமுக்கிய விரல் என்னுடையது.

ஓகனின் சொந்தக்காரி டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்து, பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சங்கீதம் படிப்பித்தார். கல்யாணம் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆலயத்தில் பழைய கால்மிதி ஆர்மோனியத்தை வாசிப்பார். மஹய்யாவைச் சரிவில் ஒரே வீட்டைப் பலகை வைத்துப் பிரித்து, முன்பக்கத்தில் டீச்சரும் பின்பக்கத்தில் நானும் என் புருஷனும் வாடகைக்கு இருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது. என் புருஷனுக்கு டவுனில் இரும்புக் கடையில் வேலை. டீச்சர் வீட்டைப் பெருக்கித் துடைத்துக் கொடுப்பேன். அவர் எனக்குப் பாண் வாங்கிக்கொண்டு வந்து தருவார். அவர் பேசுகிற தமிழ் எனக்கும் நான் பேசுவது அவருக்கும் முதலில் சிரிப்பாக இருந்தது. “வாங்க டீச்சர்” என்றால் “ஓம் பிள்ளை, வாறன்” என்பார். அதையே நான் பகடியாகத் திருப்பிச் சொல்வேன்.

ஓகனை விற்றது ஒரு பறங்கி நோனா, வெள்ளைக்காரர் வழியில் வந்த பெண். குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகிற அவசரத்தில் கொடுத்தார். நாலு பேர் பிடித்துச் சரிவில் இறக்கி, முன்னறையில் வைத்தார்கள். நோனா கூடவே வந்து வயரைப் பூட்டிக்காட்டினார். வலப்பக்கத்து நாக்குகளில் ஒன்றைக் காட்டி நான் ஆங்கில எழுத்துக்களைக் கூட்டி, “வோல்ட்ஸ்... டீச்சர், இது கரண்டு நாக்கு, தொடாதீங்க, அடிச்சிரும்” என்றேன். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். “அது கரண்ட் இல்லைப் பிள்ளை, வால்ட்ஸ். வெள்ளைக்காரர் ஆடுற தாளம்.” நோனா அதோடு விடவில்லை. வால்ட்ஸ் நாக்கையும் பக்கத்தில் இருந்த மார்ச் நாக்கையும் ஒரே நேரத்தில் அமுக்கி, வேகத்துக்கான குமிழை முழுக்கத் திருகினார். உள்ளே இருந்து பைலா தாளம் பொங்கிக்கொண்டு வந்தது. கல்யாண வீட்டில் அடிக்கிற அதே தாளம். நோனா இடுப்பை ஆட்டிக் கண்ணடித்தார். எனக்குக் கால் துறுதுறுத்தது. டீச்சரின் முகம் சிறுத்துவிட்டது. நோனா போனதும் இரண்டு நாக்குகளையும் மெதுவாக மேலே தூக்கிவிட்டு, “இது ஆண்டவருக்கு வாசிக்க வாங்கினது. இந்த இரண்டையும் சேர்த்து ஒருநாளும் அமத்தக்கூடாது, என்ன?” என்றார். நானும் தலையாட்டினேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம். கொழும்பில் கலவரம் என்று றேடியோவில் அரைகுறையாகக் கேட்டிருந்தோம். கண்டிக்கு வராது என்று என் புருஷன் கடைக்குப் போனார். டீச்சர் பள்ளிக்கூடம் போனார். நான் தனியாக முன்னறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு என்ன பிடித்ததோ, சுவரில் சுவிட்சைப் போட்டு, அந்த இரண்டு நாக்குகளையும் சேர்த்து அமுக்கிவிட்டேன். குமிழைத் திருகினேன். விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று ஆடியிருப்பேன். பாதியில் சத்தம் அடங்கிப்போனது. கரண்ட் போய்விட்டது. அதே நேரம் மேல் றோட்டில் யாரோ ஓடிக்கொண்டே கத்தினார்கள்: “டவுன்ல கடையெல்லாம் பத்துது!” நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஓகன் என் நினைவிலேயே இல்லை.

மத்தியானத்துக்குள் டீச்சர் நடந்தே வந்து சேர்ந்தார். செருப்பு ஒன்று அறுந்துபோய், ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. வந்ததும் குசினிக் கத்தியை எடுத்து, வாசல் கதவில் அடித்திருந்த தன் பெயர்ப் பலகையை நெம்பிக் கழற்றினார். அக்கம்பக்கத்துச் சனம் மேலே தேயிலைக்குள் போய் ஒளிந்துவிட்டது. எங்களையும் கூப்பிட்டார்கள். “அவரு வருவாருங்க. வந்து வீட்டுல ஆள் இல்லைன்னா எங்கன்னு தேடுவாரு. நான் வரல்ல” என்றேன். எனக்கு வேறு எதுவும் யோசிக்க வரவில்லை. டீச்சர் போயிருக்கலாம். “நீர் தனிய இருக்கேலாது” என்று சொல்லி, கதவுக்குக் குறுக்கே மேசையை இழுத்துப் போட்டுவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். டவுன் பக்கம் புகை எழுந்து மலையை மறைத்தது. என் புருஷன் அந்தப் புகைக்குள் இருந்தார்.

மூன்று மணி இருக்கும். கீழ் றோட்டில் கூட்டமாக ஆட்கள் போகிற சத்தம் கேட்டது. யன்னல் இடுக்கால் பார்த்தேன். பத்துப் பதினைந்து பேர். ஒருவன் கையில் மண்ணெண்ணெய்த் தகரம். எங்கள் வீட்டுக் கதவும் யன்னலும் சாத்திக் கிடந்ததால் ஆள் இல்லை என்று நினைத்திருக்க வேண்டும், தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். “போயிட்டாங்க டீச்சர்” என்று நான் மூச்சை விட்டேன்.

அப்போது கரண்ட் வந்தது.

முன்னறையில் ஓகன் அடிக்கத் தொடங்கியது. முழு வேகத்தில், முழுச் சத்தத்தில் பைலா தாளம். காலையில் நான் எந்த இடத்தில் விட்டேனோ அந்த இடத்தை அந்தப் பெட்டி அப்படியே வைத்திருந்தது. றோட்டில் காலடிகள் நின்றன. சுவிட்சை அணைக்கப் பாய்ந்தேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியின் குளிர் இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

“நிப்பாட்டாதேயும். இப்ப நிப்பாட்டினா உள்ளுக்கு ஆள் ஒளிச்சிருக்கெண்டு தெரிஞ்சிடும்.”

அதற்குள் வாசல் படியில் சத்தம். டீச்சர் எழும்பினார். மேசையை நகர்த்தினார். “யன்னலைத் திறவும். நீர் போய் வாசல்ல நில்லும். உமக்குச் சிங்களம் வரும். நான் வாயைத் திறந்தா யாழ்ப்பாணம் வந்திடும். விரலுக்கு ஊர் இல்லை.” இதைச் சொல்லும்போது அவருடைய பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. போய் ஓகன் முன்னால் உட்கார்ந்தார். வெறுங்காலோடு மிதிகட்டையில் காலை வைத்தார். பக்கத்துக் கல்யாண வீடுகளில் கேட்டதைத் தவிர பைலா என்ற ஒன்றை அறியாதவர், வலது கையால் மேல்வரிசையில் பாட்டையும் இடது கையால் கீழ்வரிசையில் துணையையும் பிடித்து, காலால் அடிச்சுருதி கொடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

நான் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன். முன்னால் நின்றவன் இது யார் வீடு என்று சிங்களத்தில் கேட்டான். மஹய்யாவையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பாஷை தெருவிலேயே வந்த பாஷை. “நோனாகே” என்றேன். நோனாவின் வீடு. பறங்கிப் பெண்களை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். ஓகனில் குனிந்திருந்த டீச்சரின் முதுகும் கவுனும் மட்டும் தெரிந்தன. அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூட டீச்சர்மாரில் சிலர் கவுன் போடுவார்கள். கடவுள் கிருபை, அன்றைக்கு அவர் சேலை கட்டியிருக்கவில்லை.

தகரம் வைத்திருந்தவன் அதை எங்கள் படியில் வைத்தான். ஏன் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் பார்த்தேன், கை தட்டுவதற்கு அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. மற்றவர்களும் தட்டினார்கள். இரண்டு பேர் முற்றத்தில் ஆடினார்கள். மண்ணெண்ணெய் வாடை என் மூக்கில் ஏறியது. பாட்டு முடிந்தது; தாளம் நிற்கவில்லை. “நோனா, தவ எக்கக்!” என்று ஒருவன் கத்தினான். இன்னும் ஒன்று வேண்டுமாம்.

டீச்சருக்குத் தெரிந்த பைலா அந்த ஒன்றுதான். எனக்கு அது தெரியும். திரும்பிப் பார்க்கப் பயந்து நின்றேன். தாளம் மட்டும் நாலைந்து சுற்று வெறுமனே போனது. பிறகு பாட்டு வந்தது. எனக்குப் பழகிய பாட்டு, ஆனால் எதுவென்று முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அது அடக்க ஆராதனையில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது நாங்கள் பாடுகிற பாட்டு. டீச்சர் அதைப் பைலா தாளத்தில் ஓட ஓட வாசித்தார். பயத்தில் விரலுக்கு அகப்பட்டது அதுவாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் அதற்கும் கை தட்டினார்கள். அதற்கும் ஆடினார்கள். முடிந்ததும் ஒருவன் எனக்குக் கும்பிடு போட்டான். தகரத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் கீழே வளைவில் இருந்த சில்லறைக் கடையிலிருந்து புகை வந்தது. அது எங்கள் தமிழ் ஆட்களின் கடை. அதற்குள் யாரும் இருக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று அது எங்களுக்குத் தெரியாது.

டீச்சர் சுவரில் சுவிட்சை அணைத்தார். நாக்குகளைத் தொடவில்லை. “ஆரு இதை அமத்தினது?” என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்க அவசியமும் இருக்கவில்லை. வீட்டில் நான்தானே இருந்தேன். தன் விரல்களைக் கவுனில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஆண்டவற்றை பாட்டை அவங்களுக்கு ஆடக் குடுத்திட்டன். நான் வாசிச்சதை ஒருத்தருக்கும் சொல்லாதேயும். சத்தியம் பண்ணும்.” பண்ணினேன்.

மறுநாள் காலை என் புருஷன் வந்தார். கூட வேலை செய்த சிங்கள அண்ணன் ஒருவர் லொறியில் சாக்குகளுக்குக் கீழே படுக்கவைத்துக் கொண்டுவந்து விட்டார். பிறகு எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்த அகதி முகாமுக்குப் போனோம். அங்கேதான் என் இரண்டாவது பிழை நடந்தது. உங்கள் வீடு எப்படித் தப்பியது என்று பக்கத்துப் பாயில் இருந்தவள் கேட்டாள். டீச்சர் வாசித்ததைச் சொல்ல முடியாது, சத்தியம். நான் நாக்கை அமுக்கியதைச் சொல்லவும் வாய் வரவில்லை. “ஓகன் தானா அடிச்சிச்சு. அதைக் கேட்டுட்டுப் போயிட்டாங்க” என்றேன். பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வரிசையில் ஒரு அக்கா என்னிடமே வந்து சொன்னாள்: “கேள்விப்பட்டியா புள்ள, மஹய்யாவையில ஒரு வீட்டுல ஓகன் தானா வாசிச்சிச்சாம்!” அடித்தது அதற்குள் வாசித்ததாகிவிட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் அது ஞானப்பாட்டு வாசித்தது. ஒரு வருஷத்துக்குள், வந்தவர்கள் தகரத்தைப் போட்டுவிட்டு முழங்காலில் விழுந்தார்கள். சனங்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் முகாமிலிருந்தே ஊருக்குப் போனார். ஓகனை ஆலயத்துக்குக் கொடுத்துவிட்டார். “என்னாலை இனி அதைத் தொட ஏலாது” என்றார். தூக்கிக்கொண்டு போகும்போது மழை பிடித்தது. உள்ளே தண்ணீர் போய்விட்டது. ஆலயத்தில் வைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்த்தோம், முனகல்கூட வரவில்லை. அப்படியே மூடி வைத்தார்கள். யுத்தம் நடந்த வருஷங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து எப்போதாவது அவருடைய கடிதம் வரும். ஒன்றில் எழுதியிருந்தார்: “இங்கை கரண்டே இல்லை. அதிலை ஒரு நிம்மதி, ஒண்டும் தானா அடிக்காது.” படித்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. என்னை அவர் மன்னித்துவிட்டார் என்பதா, மறக்கவில்லை என்பதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் எங்கள் ஆலயத்துக்கு ஒரு வரிசைக் கட்டை மட்டும் உள்ள கீபோட் வந்தது. பேங்கில் வேலை செய்கிற தம்பி ஒருவர் வாசிப்பார். நூறு வகைச் சத்தம் அதில் உண்டு, ஆனால் காலுக்கு வேலை இல்லை. உடம்பு பாதிதான் வாசிக்கிறது மாதிரி எனக்குத் தோன்றும். பலகைப் பெட்டி இல்லை, பெரிய சத்தத்துக்கு வேறு ஸ்பீக்கர் வேண்டும். தாளத்தில் ஒன்றை அமுக்கினால் மற்றது விட்டுவிடும். இரண்டைச் சேர்க்க முடியாது. கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் பெரிய வசதி. அதுவே எனக்குப் பெரிய பயமாகவும் இருந்தது. ஓகன் நின்ற இடத்தில் நிற்கும், பயம் அதைத் தேடி வாசலுக்கு வந்தது. கீபோட்டை வைத்துக்கொண்டு நாங்கள் பயத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு றோட்டில் போனோம்.

ஒருமுறை கலஹாவில் தோட்டத்து ஜெபக் கூட்டத்துக்குப் போகும்போது பேராதனைப் பக்கம் இராணுவ செக்பொயின்ட்டில் எங்களை இறக்கினார்கள். தம்பியின் தோளில் நீளமான கறுப்புப் பை. ஆமிக்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு பையைக் கீழே வைக்கச் சொன்னான். திறந்ததும் வயரையும் குமிழ்களையும் பார்த்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். பற்றரி போட்டு வாசித்துக் காட்டச் சொன்னார்கள். கடைசியாக இதில் எதை விட்டு வைத்திருக்கிறாரோ, எது பாய்ந்து வரப்போகிறதோ என்று தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நாக்கெல்லாம் தூக்கியிருக்கா? பாத்துப் போடுங்க!” என்றேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். கீபோட் உயிர்பெற்று, பேசாமல் நின்றது. வெறும் பியானோ சத்தத்தில் ஒரு கட்டையைத் தட்டினார். ஆமிக்காரன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். பஸ்ஸில் ஏறியதும் தம்பி சொன்னார்: “அக்கா, இதுல நாக்கு ஏது? கரண்ட் போனா, ஓஃப் பண்ணினா, எல்லாத்தையும் மறந்திரும். ஒவ்வொரு தடவையும் புதுசாப் பொறந்த மாதிரி.” எனக்கு அந்தக் கீபோட்டில் பொறாமை வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

எங்கள் வீட்டில் இன்றைக்கும் கரண்ட் போனால் நான் செய்கிற முதல் வேலை எல்லாச் சுவிட்சையும் அணைப்பதுதான். “இப்ப யாருடி ஆடப்போறா?” என்று என் புருஷன் பகடி பண்ணுவார். அவருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

போன வருஷம் டீச்சர் காலமானார் என்று செய்தி வந்தது. சில மாதத்தில் புதிதாக வந்த போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். பழைய ஓகனைத் துடைத்து ஆலய வாசலில் வைத்து, ‘தானாக ஞானப்பாட்டு வாசித்த ஓகன்’ என்று பலகை அடிக்கப் போவதாகச் சொன்னார். “அம்மா, சாட்சிக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கிறீங்க” என்றார். அவர் கொண்டுவந்த பலகையில் டீச்சரைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அழத் தொடங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பலகையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, “அப்படின்னா நீங்களே எழுதிக் குடுங்கம்மா. அதையே போடுவோம்” என்றார்.

எழுதிவிட்டேன். வாக்கை மீறியிருக்கிறேன், அதற்கு ஆண்டவரிடம் கணக்குக் கொடுக்க வேண்டியவள் நான். அன்றைக்கு அவர் எங்களோடு இருந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் செய்ததை ஒரு பெண்ணின் நடுங்கிய பத்து விரல்களாலும் வெறுங்காலாலும் செய்தார். அந்தப் பெண்ணைத் துடைத்துவிட்டுப் பெட்டியைக் கும்பிட்டால் அது அவருக்குப் பிரியமாக இருக்காது என்று என் சின்ன அறிவுக்குப் படுகிறது.

நேற்றுப் பக்க அறைக்குப் போய், மேலே வைத்திருந்த கீபோட்டை நகர்த்திவிட்டு ஓகனின் மூடியை உயர்த்தினேன். நாக்குகளில் எல்லாம் தூசி. அந்த இரண்டும் மட்டும் பள்ளத்தில் இருந்தன. டீச்சர் தூக்காமல் விட்டதை நான் தூக்கிவிடலாம் என்று விரலை வைத்தேன். செத்துப்போன பெட்டி, வயரும் இல்லை, ஆனாலும் சுவரில் சுவிட்சை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். தூக்கவில்லை. அவை அப்படியே இருக்கட்டும்.

இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அழகாக இருக்கட்டும் என்று ஒன்றும் கூட்டவேண்டாம், என்மேல் இரக்கப்பட்டு ஒன்றும் குறைக்கவேண்டாம். நாக்கை அமுக்கியது நான். வாசித்தது டீச்சர். அவர்கள் முழங்காலில் விழவில்லை, ஆடினார்கள். ‘தானா’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் இனி யாரும் சேர்க்காதீர்கள்.